வான்கோழி விருந்தும் பெருநாட் சோறும்

விழா என்று ஒன்றிருப்பின் அதற்கென ஓர் உணவு இருத்தல் உலகியல்பு. தைப்பொங்கலுக்குப் புக்கை, தீபாவளிக்குப் பலகாரம், நத்தாருக்குக் கேக், பெருநாளுக்கு நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் என ஒவ்வொரு குடியினரும் ஒவ்வோர் உணவை விழாவோடு பிணைத்து வைத்துள்ளனர். நாட்பட நாட்பட அவ்வுணவு விழாவின் அடையாளமாக நிற்பதோடு அமையாது, விழாவாகவே ஆகிவிடுகின்றது. அது சமைக்கப்படாத வீட்டில் விழாவும் இல்லை என்ற எண்ணம் வேரூன்றி விடுகின்றது. அவ்வெண்ணம் எவ்வாறு பிறக்கின்றது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது, அதற்கு மாற்று உண்டா என்பனவற்றை நம் கல்முனைக் கரையோர ஊர்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும் நம் வீட்டுப் பந்திக்கு வருமுன் அயலார் வீட்டுப் பந்தியைச் சற்றே எட்டிப் பார்த்தல் நன்று. பிறர் கதையைக் கேட்ட பின்னரே நம் கதை நமக்குத் தெளிவாகின்றது.

ஊர் ஊராய்ப் பெயர் பெற்ற பறவை

ஐக்கிய அமெரிக்காவிலே நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாளாகும். அன்று அந்நாட்டார் வீடுதோறும் முழு வான்கோழி ஒன்றைச் சூளையிலிட்டு வாட்டிப் பந்தியின் நடுவே வைப்பர். இங்கிலாந்தில் நத்தார்ப் பந்திக்கும் இதுவே தலைமைப் பண்டம்.

இப்பறவையின் பெயர் வரலாறு சொல்லாராய்ச்சி செய்வார்க்கு நல்லதொரு விருந்து. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோவின் பழங்குடியினர் வளர்த்த இதனை ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். ஆயின், எங்கிருந்து வந்தது என்பதை அறியாத ஒவ்வொரு நாட்டாரும் தமக்குத் தோன்றிய ஊரின் பெயரை இதற்குச் சூட்டினர். ஆங்கிலேயர் துருக்கி என்றனர். துருக்கியரோ 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரரும் இந்தியப் பறவை என்றே பெயரிட்டனர். போர்த்துக்கேயர் 'பெரு' என்றனர். மலாய் மொழியினர் ஒல்லாந்தக் கோழி என்றனர். ஒல்லாந்தரோ நமக்கு அண்மையிலுள்ள கள்ளிக்கோட்டையின் பெயரால் 'கல்கூன்' என்றழைத்தனர். அச்சொல்லே இலங்கைக்கு வந்து சிங்களத்தில் 'களுகும்' என வழங்குகின்றது. ஒரு பறவை, ஊர் பல. பிறந்த ஊர் மட்டும் எப்பெயரிலும் இல்லை!

தமிழில் இது வான்கோழி. ஔவையார் பாடியதாக வழங்கும் மூதுரையில், மயிலின் ஆட்டத்தைக் கண்டு தானும் சிறகு விரித்தாட முயலும் வான்கோழி வருவதை மாணவர் அனைவரும் அறிவர். அவ்வான்கோழி இன்றைய வான்கோழியே எனின், அச்செய்யுள் 1492ஆம் ஆண்டில் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்ததற்குப் பின்னரே எழுந்திருத்தல் வேண்டும். அதற்கு முற்பட்டது எனின், அப்பெயர் அந்நாளில் வேறொரு பறவையைக் குறித்திருத்தல் வேண்டும். எவ்வாறாயினும், பழையது என்று நாம் கருதும் ஒன்று அத்துணைப் பழையது அன்றாகவும் இருக்கலாம் என்னும் பாடத்தை இப்பறவை நமக்குப் புகட்டுகின்றது.

வழக்கம் ஆக்கப்பட்ட வகை

வான்கோழிப் பந்தியும் அவ்வாறே. 1621ஆம் ஆண்டில் பிளிமத்துக் குடியேறிகள் அறுவடை முடிந்து மூன்று நாள் விருந்துண்டனர். அதிற் பங்குகொண்ட எட்வேர்டு வின்சுலோ எழுதிய கடிதத்தில், வேட்டையாடிய பறவைகளும், வம்பனோவாகு பழங்குடியினர் கொண்டுவந்த ஐந்து மான்களும் பேசப்படுகின்றன. வான்கோழி என்ற பெயர் அக்கடிதத்தில் இல்லை. சாரா ஹேல் என்னும் பெண்மணி, தாம் நடாத்திய மகளிர் இதழின் வாயிலாகப் பல்லாண்டு வற்புறுத்தி வந்ததன் பின்னர், உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் ஆபிரகாம் லிங்கன் இந்நாளை நாடு முழுமைக்கும் உரிய நாளாகப் பறைசாற்றினார். நான்காம் வியாழன் என்பது 1941இல் சட்டமாயிற்று. இன்று தொன்மை வாய்ந்ததாய்த் தோன்றும் வழக்கம் ஏட்டாலும் இதழாலும் ஆணையாலும் உருவாக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையானது. 1843இல் சார்ள்சு டிக்கன்சு எழுதிய நத்தார்க் கதையிலே, ஏழை எழுத்தன் கிரச்சிற்றின் வீட்டில் வாட்டப்படுவது வான்கோழி அன்று; வாத்தினத்துப் பெரும்பறவை ஒன்றே. வீட்டில் சூளை இல்லாமையால் அது வெதுப்பகத்துச் சூளையில் வெந்து வருகின்றது. வான்கோழி அந்நாளிற் செல்வர் பண்டம். மனந்திருந்திய கருமியே கதை முடிவில் அதனை வாங்கி அவ்வீட்டுக்கு அனுப்புகின்றான். அக்காலத்துத் தொழிலாளர், நத்தார்ப் பறவையை ஒருங்கே பணங்கொடுத்து வாங்க இயலாமையால், கிழமைதோறும் சில காசுகளைச் சேர்த்துவைக்கும் சங்கங்களை அமைத்திருந்தனர். நம் பெண்கள் பிடிக்கும் சீட்டுக்கு உறவு முறையானது அச்சங்கம் எனலாம்.

யப்பானியர் செய்தது மற்றொன்று. வான்கோழியும் அதனை வாட்டத்தக்க பெரிய சூளையும் அரிதாகிய அந்நாட்டில், 1974ஆம் ஆண்டில் கென்டக்கி நிறுவனத்தார் நத்தாருக்குப் பொரித்த கோழி உண்ணுக என்று விளம்பரம் செய்தனர். இன்று அந்நாட்டார் பலருக்கு அதுவே நத்தார் மரபு. வணிகரின் விளம்பரம் ஒன்று அரை நூற்றாண்டுக்குள் ஒரு மரபைத் தோற்றுவிக்க வல்லதாயின், அறிவும் அன்பும் கொண்ட ஊரார் கூடித் தம் மரபைச் சிறிது திருத்திக்கொள்ளுதல் இயலாதோ?

நம் கரையின் பந்தி

இனி நம் ஊருக்கு வருவோம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் ஊர்களிலே ஆண்டுக்கு இரு பெருநாள்கள்: நோன்புப் பெருநாள் ஒன்று, ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்று. நெய்ச்சோறு, மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய், பருப்பு, அச்சாறு, இறுதியில் வட்டிலப்பம் என்பது பந்தியின் முறை. அண்மைக்காலத்தில் புரியாணி நெய்ச்சோற்றின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. கித்துள் கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த வட்டிலப்பமோ மலாயர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது என்பர். அதுவும் ஒருகால் நமக்குப் புதியதே.

இப்பந்தியின் உயிர்நிலை கறியில் இல்லை, சஹனில் இருக்கின்றது. ஒரு பெருந்தட்டிற் சோறிட்டு, நடுவே கறிகளை வைத்து, ஐவர் அறுவர் சுற்றியமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் முறை அது. அத்தட்டைச் சுற்றி முதலாளியும் கூலியாளும் தோளோடு தோள் இருப்பர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவிலே சமைக்கப்படும் கந்தூரிச் சோற்றிற்கும் இதுவே உட்பொருள்: பலர் கொடுத்த அரிசி ஒரு கிடாரத்தில் வெந்து பலருக்கும் ஆகின்றது.

பெருநாள் எப்பருவத்தில் வரும் என்பதும் எண்ணத்தக்கது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. ஆதலின் பெருநாள் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்து, முப்பத்து மூன்றாண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. 2000ஆம் ஆண்டிலே நோன்புப் பெருநாள் ஜனவரியில் ஒரு முறையும் டிசெம்பரில் மறுமுறையும் வந்தது. 2033ஆம் ஆண்டிலும் அவ்வாறே வரவுள்ளது. நம் கரையின் வருவாயோ சூரியனையும் மழையையும் பின்பற்றுவது. பெரும்போக நெல் தை பிறந்த பின்னர் களத்துக்கு வரும். சிறுபோக நெல் ஆடி ஆவணியில் வரும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கத் தோணிகள் கரையேறும். களம் நிறைந்திருக்கும்போது வரும் பெருநாளும் உண்டு. விதைத்த நெல் பச்சையாய் நிற்க, வலை காய்ந்து கிடக்கும்போது வரும் பெருநாளும் உண்டு. பிறை நம் மடியைப் பார்த்துப் பிறப்பதில்லை. ஆகவே, எல்லா ஆண்டிலும் ஒரே அளவான பந்தியை எதிர்பார்ப்பது இக்கரையின் இயற்கைக்கே ஒவ்வாதது.

மார்க்கம் கேட்பது எவ்வளவு?

வழக்கம் கேட்பதையும் மார்க்கம் கேட்பதையும் பிரித்தறிதல் இங்கு இன்றியமையாதது. நோன்புப் பெருநாளன்று மார்க்கம் கடமையாக்கிய உணவு ஒன்றே: அது பித்ரா. அன்றைய இரவுக்கும் பகலுக்கும் தன் குடும்பத்தின் தேவைக்கு மேல் சிறிது உள்ளவன், வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ஸாஉ அளவான தானியத்தைத் தொழுகைக்கு முன் ஏழைகளுக்குக் கொடுத்தல் வேண்டும். ஒரு ஸாஉ என்பது இரு கையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. அரிசியாயின் ஏறத்தாழ 2.4 கிலோ. அறுவர் உள்ள வீடு 14 கிலோவுக்குச் சற்று மேல் கொடுக்கும். அத்தகைய வீடுகள் ஆயிரம் உள்ள ஊரிலே 14 தொன்னுக்கு மேற்பட்ட அரிசி ஒரே இரவில் கை மாறுகின்றது. பெருநாளன்று எவரும் இரந்து நிற்றலாகாது என்பதே இதன் குறிக்கோள். இறைச்சி உண்ணல் வேண்டும் என்ற கட்டளை இதில் எவ்விடத்தும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குரிய உழ்ஹிய்யா, அதாவது நாம் குர்பான் என்பது, இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் தியாகத்தை நினைவூட்டுவது. நம் நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அது வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. வசதி உள்ளவர்க்கே உரியது. ஆடு ஒருவர்க்கு, மாடு எழுவர் கூடிப் பங்கிடத்தக்கது. இறைச்சியின் ஒரு பகுதி ஏழைக்குச் சென்றே தீர வேண்டும். அறுப்பவனுக்குக் கூலியாக இறைச்சியையோ தோலையோ கொடுத்தலும் ஆகாது.

இதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று பைஹகீயின் ஹதீஸ் தொகுப்பிலே காணப்படுகின்றது. அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இரு கலீபாக்களும் சில வேளைகளில் குர்பான் கொடாதிருந்தனர். தம்மைப் பார்த்து மக்கள் அதனைக் கட்டாயம் என எண்ணிவிடுவரோ என்று அஞ்சியே அவ்வாறிருந்தனர். வசதி படைத்த பெரியோர் தம் கையை அடக்கி, இல்லாதவனின் நாணத்தைக் காத்த இச்செயல் பொன்னே போற் போற்றத்தக்கது.

நாம் கொடுக்கும் விலை

இன்று நம் ஊர்களில் நிகழ்வது இதற்கு மறுதலை. பெருநாளுக்கு மறுநாள் வகுப்பறையிலே மாணவர் ஒருவரையொருவர் வினாவும் முதல் வினா யாதெனின், "உங்கட வீட்டில எத்தனை பங்கு?" என்பதே. யான் ஆசிரியனாய்ப் பல ஆண்டுகள் இவ்வினாவைக் கேட்டு வருகிறேன். வினவுவோன் தீய எண்ணத்தோடு வினவுகின்றான் அல்லன். வீட்டிற் பெரியோர் பேசுவதையே அவனும் பேசுகின்றான். ஆயின் மறுமொழி கூறாது புத்தகத்தைப் புரட்டும் பிள்ளையையும் யான் கண்டுள்ளேன். இல்லாத பங்கை இருப்பதாகக் கூறும் பிள்ளையையும் கண்டுள்ளேன். பொய் சொல்லுதல் தீது என்று ஆத்திசூடி கற்பிக்கும் வகுப்பிலேயே, பசியினும் கொடிய நாணம் ஒரு சிறுவனைப் பொய் சொல்ல வைக்கின்றது.

பிள்ளையின் நாணத்தைத் தாய் பொறுப்பாளா? நகை அடகுக்குப் போகின்றது. நுண்கடன் தருவோரிடம் கையொப்பம் இடப்படுகின்றது. பெருநாள் ஒரு பகலில் முடிகின்றது. வட்டியோ அடுத்த பெருநாள் வரையில் நடக்கின்றது. கடமையல்லாத ஒன்றைச் செய்வதற்காக, மார்க்கம் தெளிவாக விலக்கிய வட்டியில் விழுகின்றோம். இதனினும் பெரிய முரண் யாதுளது?

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திலர். அவ்வாண்டு நோன்புப் பெருநாள் மே மாதம் 3ஆம் நாள் வந்தபோது சமையல் எரிவாயுவுக்கு வரிசை நின்றது. ஜூலை 10இல் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அதற்கு முதல் நாளே கொழும்பில் மக்கள் திரண்டு ஜனாதிபதி மாளிகையுட் புகுந்திருந்தனர். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அஃதாவது, ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறக்குறைய இருமடங்காயிற்று. பின்னர்ப் பணவீக்கம் தணிந்தது உண்மையே. ஆயின் பணவீக்கம் தணிதல் என்பது விலை ஏறும் வேகம் குறைதலே. ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கிற்றில்லை. தறியில் இருப்பவன் கூலியும் தோணியில் செல்பவன் பங்கும் அவ்வேகத்தில் ஏறினவா என்பதை மருதமுனை நெசவாளரிடமும் சாய்ந்தமருது மீனவரிடமும் கேட்டறிக.

மயிலைப் பார்த்தாடும் வான்கோழி என்று இவ்வேழைகளை இகழ்வாரும் உளர். மூதுரை அவ்வுவமையைக் கல்லாதவன் கவி கூறுதற்கு வைத்தது. இல்லாதவன் பிள்ளைக்குச் சோறு சமைத்தற்கு வைக்கவில்லை. இகழ்வதற்கு முன் ஒன்று கேட்போம்: தோகையை இத்துணை அகல விரித்துத் தெருவில் ஆடும்படி மயிலுக்குச் சொன்னவர் யாவர்? வாசலிலே மாட்டைக் கட்டி, ஊரார் காண நிறுத்தி, அதன் விலையை உரக்கச் சொல்லும் வழக்கம் எந்த நூலில் உள்ளது?

சாத்திய கதவு

பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதில் ஒரு பாணனின் அடுக்களை வருகின்றது. குட்டி ஈன்ற நாய் குரைக்கும் அவ்வடுக்களையிலே, சுவரிற் கறையான் ஏறியிருக்க, பசியால் வாடிய பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து உப்பின்றி அவிக்கின்றாள். பின்னர் அறிவிலார் கண்டு நகைப்பரே என்று நாணி, வாயிற் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு பகிர்ந்துண்கின்றாள். உப்பில்லாமையை அவள் பொறுத்தாள். பிறர் பார்வையையே பொறுத்திலள். அந்நிலையிலும் அவள் தனித்துண்டிலள்.

இரண்டாயிரம் ஆண்டாகியும் அக்கதவு திறந்தபாடில்லை. பெருநாளன்று நம் தெருக்களில் சாத்தியிருக்கும் கதவுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுட் சில, கறி இல்லாமையால் சாத்தப்பட்டவை அல்ல. கறி இல்லை என்பது தெரிந்துவிடும் என்பதனால் சாத்தப்பட்டவை.

மாற்று யாது?

மாற்று வழி புதிதாய்த் தேடப்பட வேண்டுவது அன்று. நம் அடுக்களையிலேயே உள்ளது. காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் மாட்டிறைச்சி உண்ணாத தமிழ் அன்பர்கள் பெருநாளுக்கு வருவராயின், நம் பெண்கள் அவர்க்கெனத் தனிச் சட்டியில் கோழியோ மீனோ மரக்கறியோ சமைப்பர். அந்த விருந்தினருக்குப் பெருநாள் குறைந்துபோயிற்று என்று நாம் என்றேனும் எண்ணியதுண்டா? அவருக்குக் குறையாத பெருநாள் நமக்கு மட்டும் எவ்வாறு குறையும்?

கோழி குர்பானுக்கு ஆகாது. ஆயின் விருந்துக்கு ஆகும். பாரையும் சூரையும் கடல் தரும்போது அவற்றின் ஆணமும் பெருநாட் கறியே. பிஞ்சுப் பலாக்காயைக் கறிச்சரக்கிட்டு இறைச்சிபோற் சமைக்கும் கைத்திறன் நம் மூதாட்டியர்க்கு நன்கு தெரியும். முட்டை விலை ஏறிய காலத்தில் வட்டிலப்பத்தைச் சிறிய கிண்ணத்தில் வைத்தாற் சுவை குன்றாது.

இவற்றினும் மேலானது கூட்டுமுறை. எழுவர் ஒரு மாட்டிற் பங்குகொள்ளலாம் என்ற விதியே கூட்டுமுறையின் வித்து. பள்ளிவாசலின் மேற்பார்வையில் பங்குகள் ஒருங்கு சேர்க்கப்பட்டு, ஒதுக்கிடத்தில் அறுக்கப்பட்டு, பெயர் கூறாது வீடுதோறும் சம அளவான பொதியாக அனுப்பப்படின், எந்தப் பொதி கொடுத்தவன் வீட்டுக்குச் சென்றது, எந்தப் பொதி பெறுபவன் வீட்டுக்குச் சென்றது என்பது எவர்க்கும் தெரியாது. பெருநாட் செலவுக்கென வட்டியில்லாச் சீட்டொன்றை மாதந்தோறும் சிறு தொகையாகப் பிடித்தல் மற்றொரு வழி. ஆங்கிலத் தொழிலாளர் காசுகாசாகச் சேர்த்து உண்டது போல நம் தறிக்காரரும் கடன்படாது உண்ணலாம்.

அகழ்ப்போர் நிகழ்ந்த ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், பசியோடு அகழ் தோண்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக ஜாபிர் (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த ஆட்டுக்குட்டி ஒன்றை அறுத்து, ஒரு ஸாஉ வாற்கோதுமையை அரைத்துச் சமைத்தார்கள். சிலரை மட்டும் அழைக்க எண்ணியிருந்தார்கள். நாயகம் அவர்களோ அகழ் தோண்டிய அனைவரையும் அழைத்து வந்தார்கள். அனைவரும் உண்டும் எஞ்சியது. இறையருளால் நிகழ்ந்த அற்புதம் அது. நம்மால் அற்புதம் செய்தல் இயலாது. ஆயினும் அழைப்பைச் சுருக்காதிருத்தல் இயலும். அளவு சிறிதென்று நாணாதிருத்தலும் இயலும்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்பார்க்கு ஒரு சான்று உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. ஒரு மாதம் நிறையுமுன், 2005 ஜனவரியில், ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அந்நாளில் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடம் ஒன்றிலே யான் இருந்தேன். கடல்மீனை உண்ண எவர்க்கும் மனமில்லை. ஒரு கிடாரச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி ஆகியவையே விருந்து. ஆசிரியரும் மீனவரும் கடைக்காரரும் கிடைத்த தட்டுகளைச் சுற்றி அமர்ந்தோம். எவர் வீட்டில் எத்தனை பங்கு என்று கேட்பார் இல்லை, வீடே இல்லை. அச்சோற்றைப் பெருநாட் சோறு அன்று என்று கூற யான் இன்றும் துணியேன்.

அத்துணைப் பேரிடர் வந்தே நாம் ஒரு தட்டைச் சுற்றி அமர வேண்டும் என்பதில்லை. ஆசிரியர்களே, "பெருநாளில் என்ன உண்டாய்?" என்பதை விடுத்து, "யாரோடு உண்டாய்?" என்று மாணவரை வினாவுங்கள். மாணவர்களே, பங்கின் எண்ணிக்கையைத் தோழனிடம் கேளாதீர்கள். சோறு ஆறுமுன் அவனை உங்கள் சஹனுக்கு அழையுங்கள். செல்வர்களே, இரு கலீபாக்கள் செய்ததை நினைந்து, வாசலில் மாட்டைக் கட்டுமுன் எதிர்வீட்டு வாசலைச் சற்று நோக்குங்கள். பித்ராவின் ஒரு ஸாஉ அரிசி எல்லா வீட்டுக்கும் சென்று சேரட்டும். அதற்கு மேல் வருவது இறைச்சியாயினும் மீனாயினும் பலாக்காயாயினும், கடனின்றி வந்ததாயின், அதுவே நமக்குப் பெருநாள் விருந்து.